பதுங்குகுழியின் மறுகை

"நடக்காதையுங்கோ! நில்லுங்கோ!"

கத்துகிறேன். யாரும் நிற்கவில்லை. காலை 7.10. வன்னி. எறிகணை விழுந்து மூன்று நிமிடம். எங்கள் பதுங்குகுழி மண்ணால் மூடிக் கிடக்கிறது. உள்ளே அம்மா, தங்கை, தங்கையின் குழந்தை. நான் தண்ணீருக்குப் போயிருந்தேன். காதை மண்ணில் வைக்கிறேன். டொக். டொக். கீழிருந்து தட்டுகிறார்கள். எங்கிருந்து என்று தெரியவில்லை. மேலே சனம் ஓடுகிறது. அத்தனை கால்களுக்குள் தட்டல் கரைகிறது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நின்றவர்கள் செத்தார்கள்.

வாசல் பனங்குற்றி மட்டும் வெளியே தெரிந்தது. அங்கே தோண்டினேன். எங்கள் குழிகள் 'ட' எழுத்தைப் போல வளைந்தவை. சிதறல் நேரே உள்ளே வராமலிருக்க. எறிகணைச் சத்தம் கேட்டால் வளைவுக்கு அப்பால் ஒதுங்குவோம். அந்த நேரம் அது நினைவுக்கு வரவில்லை. 7.52க்குத் தட்டல் நின்றது. 8.05. அடுத்த எறிகணை. "ஓடடா!" யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். ஓடினேன்.

பல வருடம் கழித்து, இப்போது சென்னை அடையாறு. செவ்வாய், காலை 10.20. ஒரு மைதானம். மண்ணுக்கடியில் புதைந்ததைத் தேடும் கருவிக்குச் சோதனை. அதே போன்ற குழியை நேற்று நானே வெட்டி மூடினேன். இடத்தை யாருக்கும் சொல்லவில்லை. தரையில் வரிசையாக, அதிர்வைப் பதியும் உணர்விகள். எங்கள் உதவியாள் மந்தைவெளி செல்வம் இரும்புத் தட்டில் சுத்தியலால் அடிக்கிறார். டங். அதிர்வு நிலத்தின் மேல்மண்ணில் அலையாக ஓடுகிறது. கீழே வெற்றிடம் இருந்தால் தடுமாறுகிறது. யாரும் அசையக் கூடாது. டீக்காரர் குறுக்கே வருகிறார். செல்வம் கத்துகிறார்.

"யோவ் நைனா, நில்லு! இன்னா, ஊர்வலமா போய்க்கினு கீற? மெஷின்ல உன் செருப்பு சத்தம்தான் கீது!"

டீக்காரர் தூக்குச்சட்டியோடு அப்படியே நிற்கிறார். மைதானமே நிற்கிறது. ஒரு வார்த்தைக்கு. கருவி தோற்றுவிட வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். கண்டுபிடித்துவிடுமோ என்றுதான் பயம்.

11.05. திரையில் கருத்த பட்டை. வாசல். அதிலிருந்து திரும்பும் கை. நுனிவரை தெரிகிறது. அந்த நுனிவரை நாடா பிடித்து அளந்தேன். வாசலிலிருந்து ஆறடி. மேலே மூன்றடி மண்.

அன்று தட்டல் நிற்கும்வரை நாற்பது நிமிடம் வாசலையே தோண்டினேன்.

அளவு குறித்த தாளிலேயே எழுதினேன். இழந்தவை. நாட்குறிப்பு, ஒன்று. அம்மா, வயது 51. தங்கை, வயது 22. குழந்தை, பெண். பெயர் எழுத முடியவில்லை. எங்கள் வீட்டில் முப்பத்தோராம் நாள்தான் பெயர் வைப்போம். அன்று இருபத்தாறாம் நாள்.