லேத் மிஷின் ஏற்றிய லாரி மறிக்கப்பட்டது சம்பந்தமாக

எனக்கு வயது முப்பத்தெட்டு. ரயில் பாதைக்குப் பின்தெருவில், எங்கள் பட்டறையின் மாடியில் குடியிருக்கிறேன். தெருவில் என்னை லேத்தக்கா என்பார்கள். லாரியை மறித்ததாக என் அண்ணன் கொடுத்த புகார் குறித்து விசாரிக்கப்பட்டுச் சொல்வதாவது:

அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அவருக்குப் பின் இரும்பு கடையும் அந்த லேத்தை ஓட்டிவருவது நான்தான். பட்டறையை விற்க வேண்டும், மாடி மட்டும் எனக்கு என்று அண்ணன் சொன்னார். நான் கேஸ் போடுவதாக இருந்தேன். வக்கீல், "கேஸ்னா இழுத்துக்கிட்டே போகும்மா. குடுக்கறத வாங்கிட்டு நிம்மதியா இரு" என்றதால் மனம் தளர்ந்து, இன்று காலை சமரசப் பத்திரத்தில் கையெழுத்துப் போட அவருடைய அலுவலகம் போனேன். பேனாவை எடுத்தபோது பக்கத்துக் கடை வெல்டர் போனில், "அக்கா, உங்க அண்ணன் லேத்த லாரியில ஏத்திட்டாரு" என்றார். பேனாவை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். செருப்பு எங்கே கழன்றது என்று தெரியாது.

அதன் பிறகு நான் பட்டறை வாசலில் நின்றிருந்த லாரியில் ஏறி லேத்தின் மேல் உட்கார்ந்துகொண்டேன். தெருவே கூடிவிட்டது. அண்ணன், "இறங்கு, ஊரே பாக்குது" என்றார். "நல்லா பாக்கட்டும்" என்றேன். அந்நேரம் அண்ணி எதிரே இருக்கும் அவர்கள் வீட்டிலிருந்து வேகமாக வந்தார். என்னை இழுத்துவிடத்தான் வருகிறார் என்று கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். அவர் புடவையைச் செருகிக்கொண்டு, டயரில் கால் வைத்து ஏறி, என் பக்கத்தில் உட்கார்ந்தார். மூச்சு வாங்க அண்ணனைப் பார்த்து, "மிஷின் ஓட்டறவளுக்குத்தான் பட்டறைன்னு மாமா சாகறதுக்கு முன்னாடி சொன்னாரே, நீங்களும்தானே கேட்டீங்க? எங்க வேணாலும் வந்து சொல்லுவேன்" என்றார். லாரி டிரைவர் இஞ்சினை அணைத்துவிட்டு, "மிஷினுக்குத்தான் வாடகை பேசினோம், ஆளுங்களுக்குப் பேசலையே" என்றார். அண்ணன்கூடச் சிரித்துவிட்டார். இருந்தும் புகார் கொடுத்தார்.

அதன் பிறகு காவல் நிலையத்து வராந்தாவில் அண்ணன் என்னிடம், "பட்டறைய நீயே வச்சுக்க. கேஸ் மட்டும் வேணாம்" என்றார். காலையில் இதைக் கேட்டிருந்தால் சந்தோஷத்தில் அழுதேவிட்டிருப்பேன். "இதையே ஜட்ஜ் முன்னாடி சொல்லுண்ணே" என்றேன். வாய்ப்பேச்சு இனிப் போதாது என்பதால் பாகப்பிரிவினை வழக்குத் தொடர முடிவு செய்துவிட்டேன். அண்ணன்மீது எனக்குப் புகார் இல்லை.

இவையெல்லாம் நான் சொன்னவை, நடந்தவை. வாசிக்கக் கேட்டு ஒப்புக்கொள்கிறேன். கையெழுத்து கோணலாக இருப்பது கம்பியை இறுகப் பிடித்திருந்த கை என்பதால்தான், பயத்தினால் அல்ல என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன்.

(ஒப்பம்)