டெய்லருக்குத் தெரியாத பிறை

— ஏனுங்க, அந்த ஓக்கு மரத்துக்கு மேல பாருங்க. நூலாட்டம் நிக்குதே, அது பிறை இல்லாம என்னவாம்?

— பனி, ரஹமத்து. வெறும் பனி.

— பனி வளைஞ்சு நிக்குமாக்கும்?

— ஏற்காட்டுப் பனி எப்படி வேணாலும் நிக்கும். வருசா வருசம் இந்தப் பாறையில ஏறி மொதல்ல பிறை பாக்கறவன் நானு. ஜமாத்தே கீழ பள்ளிவாசல்ல என் வாயப் பாத்துட்டு நிக்குது.

— அந்த வாயத் தொறந்து நாளைக்குப் பெருநாள்னு சொல்றதுக்கென்ன?

— கண்ணுல படாததச் சொல்லுவனா? அல்லாவுக்குப் பயப்படோணுமில்ல.

— அல்லாவுக்கா, தைக்காமக் கெடக்கற துணிக்கா? கையில்லாத சட்டையும் காலில்லாத டவுசருமாக் கடை பூராக் கெடக்குது. ஊருப் புள்ளைங்க நாளைக்கு அம்மணமாத்தான் தொழப் போகோணும்.

— ஏ புள்ள, மெல்லப் பேசு! கீழ கேட்டுத் தொலையும்.

— கேக்கட்டும். நோம்பு தொடங்குனதுலருந்து தலைதலையா அடிச்சுக்கிட்டேன். ஆகட்டும் ஆகட்டும்னு கேரம்போர்டு தட்டிட்டுத் திரிஞ்சீங்க.

— இன்னும் ஒரே நாள் கெடைச்சா முடிச்சுப்புடுவேன். விடிய விடிய மிசின மிதிப்பேன். யாருக்கு என்ன நட்டம்?

— எனக்கு நட்டமுங்க! சுபைதா மாப்பிள்ளைக்கு மில்லுல நாளைக்கு மட்டுந்தான் லீவு. கட்டிக்குடுத்த பொறவு மொதப் பெருநாளு. நம்மூட்டுக்கு வரோணும்னு அடிவாரத்துல பையெல்லாம் கட்டி வெச்சிருக்கறா. எம்புள்ளையப் பாக்காம எனக்கு நொம்பக் கஷ்டமா இருக்குதுங்க.

— மறுநாள் லீவு கேட்டா மாப்பிள்ளை தேய்ஞ்சா போயிருவாரு?

— பெருநாளன்னிக்கு ஊரையே நோம்பு புடிக்க வெச்ச பாவம் ஆருக்கு? உங்க மிசினுக்கா?

— பிறையே தெரியலைங்கறேன், பாவம் எங்கிருந்து வந்துச்சு?

— அப்ப நானே பள்ளிவாசலுக்குப் போயி ஹஜ்ரத்துகிட்டச் சொல்லிப்புடறேன்.

— போ, போ. டெய்லர் இஸ்மாயில் பொண்டாட்டி பனியப் பாத்துட்டுப் பிறைங்கறான்னு ஊரே சிரிக்கும்.

— சரி, தெரியலைன்னு சத்தியம் பண்ணுங்க. நானும் வாய மூடிக்கறேன்.

— உம்மேல சத்தியமா...

— எம்மேல வேண்டாம். போன தடவை பண்ணித்தான் எனக்கு இடுப்பு புடிச்சுக்கிச்சு.

— அப்ப மிசின் மேல.

— ஓடாத மிசின் மேல ஒண்ணும் வேண்டாம். அல்லா மேல பண்ணுங்க.

— நோம்பும் அதுவுமா அல்லாவ எதுக்குடி இழுக்கற? இங்க பாரு. நீ சொல்ற மரத்துக்கு மேல ஒண்ணுமே இல்ல. அந்தா, கரட்டு முனைக்கு நேரா நிக்குதே, அந்தப் பிறை மேல சத்தியமாச் சொல்றேன், நான் பிறையப் பாக்கல! போதுமா?

— கரட்டு முனைக்கு நேராவா? எங்கீங்க? இங்க வந்ததுலருந்து எனக்குப் பனிதானுங்க தெரியுது.