கோரமங்களாவுக்கு ஒரு ஜெபக்குறிப்பு

...ஜெபக்குறிப்புன்னா அதை வச்சு ஜெபம்தானே பண்ணணும்? ஊரு பூரா அனுப்பிவிடுன்னு யாராவது சொன்னாங்களா? நீயே சொல்லும்மா. இல்லல்ல, நீ உக்காரு, ஜன்னலோரம் எனக்கு வேணாம், நான் குரோம்பேட்டையில எறங்கிடுவேன். தாம்பரத்துலேர்ந்து ரெண்டு ஸ்டேஷன்தானே. இந்தப் பையை மட்டும் கொஞ்சம் மடியில வச்சுக்க. மைசூர்பா, நசுங்கிடும். பொண்ணு வீட்டுக்கு வெறுங்கையோட போக முடியாது பாரு, அதுவும் அவங்க இருக்கற கோபத்துல.

நான் தபீதாள். இரும்புலியூர்ல தபீதாள் டீச்சர்னு யாரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டுவாங்க. முப்பத்திநாலு வருஷம் பிள்ளைங்களுக்கு கணக்கு சொல்லிக் குடுத்து ரிட்டையர் ஆயிட்டேன். இப்ப எங்க சர்ச்சுல பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு நான்தான் செக்ரட்டரி. அதுக்கு வாட்ஸப்புல ஒரு குரூப்பு இருக்கு, நூத்திப் பன்னெண்டு பேர். யாருக்கு என்ன கஷ்டமோ அதை ஜெபக்குறிப்பா போடுவாங்க, மத்தவங்க ஜெபிப்போம். நான் என் மனசுல இருந்த பாரத்தை ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அதுல சொன்னேன். சின்னதா ஒரு வாய்ஸ் மெசேஜ், ஏழு நிமிஷம். அதைப் போயி இந்த ஜோசலின் குரோம்பேட்டையில பொண்ணு வீட்டுக்கு அனுப்பி வச்சிருக்கா. பாட்டுக் குழுவுல எனக்குப் பக்கத்துல நிக்கறவ, பதினஞ்சு வருஷப் பழக்கம். பொண்ணுக்குப் பெரியம்மாதான், இல்லங்கல. அதனால? அவ குரூப்புல இருக்கறது எனக்குத் தெரியும்தான், சேத்ததே நான்தான். சரி, அதை விடு.

பொண்ணு யாருன்னு கேக்கறியா? ஹெப்சி. என் பையன் ஆரோனுக்கு நிச்சயம் பண்ணியிருக்கு. எங்கள்ல கல்யாணத்துக்கு முன்னாடி மூணு ஞாயிறு சர்ச்சுல ஓலை வாசிப்பாங்க. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், யாருக்காவது ஆட்சேபணை இருந்தா சொல்லுங்கன்னு எங்க பாதிரி ஐயர் நின்னு கேப்பாரு. மொத ஓலை போன ஞாயிறு வாசிச்சாச்சு, ஒருத்தரும் வாயத் தொறக்கல. செவ்வாக்கிழமை பொண்ணோட அம்மா ஐயருக்குப் போன் பண்ணி, ரெண்டாவது ஓலையை வாசிக்காதீங்க, நாங்க யோசிக்கணும்னுட்டாங்க. இன்னிக்கு வியாழன். இன்னும் மூணு நாள்தான் இருக்கு. என்னால சோறு எறங்கல.

என்ன சொன்னேனா? அய்யோ, நான் என்னத்தைச் சொன்னேன். பாத்ததைச் சொன்னேன். ஆரோன் பெங்களூர்ல கோரமங்களாவுல இருக்கான். அந்தத் தெருவை நீ பாத்திருக்கியா? சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் மனுஷங்க குடியிருக்கற தெரு மாதிரிதான் இருக்கும். ஏழு மணிக்கு மேல பாரு, ஒவ்வொரு மாடியிலயும் ஒரு லைட்டு, ஒரு பாட்டு. மொட்டை மாடியில வடாம் காயப்போட எடமில்லம்மா, எல்லாத்துலயும் மேஜை நாற்காலி போட்டு வச்சிருக்கான். ரோட்டுல நம்ம ஜிஎஸ்டி ரோடு மாதிரி கூட்டம், ஆனா ஒருத்தனுக்கும் பஸ் பிடிக்கற அவசரமில்ல. சும்மா நிக்கறாங்க, சிரிக்கறாங்க, ஒருத்தரை ஒருத்தர் போட்டோ எடுக்கறாங்க.

வெள்ளிக்கிழமை ராத்திரி என்னையும் கூட்டிட்டுப் போனான். நான் வரலன்னேன். ஒருநாள் வாம்மா, நான் எங்க இருக்கேன்னு நீ பாக்க வேணாமான்னான். வாசல்லயே ஒரு ஆள், கதவு அகலத்துக்கு இருக்கான். கையை நீட்டுங்கன்னு சொல்லி மணிக்கட்டுல டப்புன்னு ஒரு சீல் குத்திட்டான். எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. பைபிள்ல வெளிப்படுத்தல் புத்தகத்துல, கடைசி காலத்துல சாத்தானோட ஆளுங்களுக்குக் கையில முத்திரை போடுவாங்கன்னு இருக்கே, முப்பது வருஷமா ஞாயித்துப் பள்ளியில நான்தான் அதைச் சொல்லிக் குடுக்கறேன். ஆரோன் விழுந்து விழுந்து சிரிக்கறான். இது வெளிய போயிட்டு மறுபடி உள்ள வர்றதுக்கும்மாங்கறான்.

இது என்ன ஸ்டேஷன், சானடோரியமா? அடுத்ததுதான் நம்மளது.

உள்ள ஒரே இருட்டு. மெனுவைப் படிக்க அவன் போன்ல டார்ச் அடிச்சான். பக்கத்துல உக்காந்திருக்கறவன்கிட்ட பேசணும்னா காதுல வாயை வச்சுக் கத்தணும், அதுக்கு வீட்டுலயே இருந்து போன்ல பேசிக்கலாம். ஒரு தட்டு வந்துச்சு, நம்ம வீட்டுத் தாம்பாளம் பெரிசு. நடுவுல கோலிக்குண்டு சைசுல நாலு உருண்டை. நாலுக்கு மேல கேட்டா இன்னொரு தட்டு ஆர்டர் பண்ணணுமாம். குடிக்கறதுக்கு எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சு புதினாவைக் கசக்கிப் போட்டு என்னமோ வந்துச்சு, பேரு வாயில நுழையல. ஜூஸ்தான். ஆரோன்கிட்ட மூணு வாட்டி கேட்டுக்கிட்டேன். அவனும் அதையேதான் குடிச்சான். நல்லா இருந்துச்சு, நான் ரெண்டு குடிச்சேன்.

குரூப்புல எப்படிச் சொன்னேன்னா, என் மகன் கையில கண்ணாடி டம்ளரைப் பாத்தேன், என் பெத்த வயிறு கலங்குச்சு, ஜெபத்துல தாங்குங்கன்னு சொன்னேன். அதுல என்ன பொய் இருக்கு? கண்ணாடி டம்ளர்தானே. உள்ள புதினா இருந்துச்சுன்னு சொல்லல, அவ்ளோதான்.

ஏன் அப்படிப் பாக்கற?

குரோம்பேட்டையா? வந்துருச்சா அதுக்குள்ள? ஏம்மா, வாசல்ல இவ்ளோ கூட்டம் ஏறுதே, நான் எப்படி எறங்க... போகட்டும் போ. பல்லாவரத்துல எறங்கி ஷேர் ஆட்டோ பிடிச்சு வந்துக்கறேன். கால் மணி நேரத்துல ஒண்ணும் ஆயிடாது. அவங்க வீட்டுல போயி என்ன பேசறதுன்னு மனசுல ஓட்டிப் பாத்துக்கவாவது நேரம் கெடைக்கும்ல. வயசுப் பையன், தெரியாம நடந்துக்கிட்டான், இனிமே அந்தப் பக்கம் போகமாட்டான், நான் பொறுப்பு, அவனுக்காக நான் மன்னிப்புக் கேக்கறேன். இப்படிச் சொல்லலாம்னு இருக்கேன். சரியா இருக்கா?



அந்தச் சீலுதான் எல்லாத்துக்கும் காரணம், தெரியுமா? சனிக்கிழமை ட்ரெயின்ல வர்ற வழியெல்லாம் தேய்க்கறேன், போகல. வீட்டுக்கு வந்து தேங்கா எண்ணெய் போட்டேன், புளியைப் போட்டேன், பாத்திரம் தேய்க்கற நார் வச்சுத் தேய்ச்சேன். தோலுதான் போச்சு. ஞாயித்துக்கிழமை முந்தானையைக் கையில சுத்திக்கிட்டு சர்ச்சுக்குப் போனேன். பாட்டுப் புத்தகத்தைத் தூக்கும்போது முந்தானை நழுவிடுச்சு. இந்த ஜோசலினுக்குக் கண்ணு என்னைக்குமே பாட்டுல கெடையாது. அக்கா, கையில என்னக்கா, ஏதோ டம்ளர் படம் போட்டிருக்குங்கறா. ஆல்டர் பக்கத்துல நிக்கறோம்மா. நான் சங்கத்து செக்ரட்டரி. என்ன சொல்லுவேன்? என் பையன் கூட்டிட்டுப் போன இடம் அப்படி, அவனுக்காக ஜெபம் பண்ணுன்னு வாயில வந்துருச்சு. அவ உச்சு கொட்டுனா. சாயங்காலத்துக்குள்ள பத்துப் பேர் விசாரிச்சுட்டாங்க. சரி, வேற யாராவது சொல்றதுக்கு முன்னாடி நாமளே சொல்லிடலாம்னு அந்த ஏழு நிமிஷம்...

ஆமா, பல்லாவரம் போயிடுச்சு. நானும் பாத்தேன்.

உன்கிட்ட சொல்றதுக்கென்ன, நீ யாரோ நான் யாரோ. அங்க மேடையில நாலு பசங்க பாடிக்கிட்டு இருந்தாங்க. இங்கிலீஷ், ஹிந்தின்னு போயிட்டிருந்தது, திடீர்னு ஒரு பழைய தமிழ்ப் பாட்டை எடுத்தான் பாரு. பக்கத்து டேபிள்ல நாலு பொண்ணுங்க, கிழிஞ்ச பேன்ட்டு, காதுல அஞ்சு தோடு. நான் அதுங்களைத்தான் மொறைச்சுக்கிட்டு இருந்தேன். அதுல ஒருத்தி எந்திரிச்சு வந்து, வாங்க ஆன்ட்டின்னு கையைப் பிடிச்சு இழுத்துட்டா. நான் போனேன். சின்னாளப்பட்டிச் சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு போனேன். கை தட்டுனேன். அப்புறம் கை தட்டுனது மட்டுமில்ல. ஆரோன் அப்பா போயி ஆறு வருஷமாகுது, அதுக்கப்புறம் நான் அப்படிச் சிரிச்சதே இல்லம்மா. வெளிய வந்து காத்து வாங்கிட்டு, மணிக்கட்டுல இருந்த முத்திரையைக் காட்டி மறுபடி உள்ள போனது யாருங்கற? நான்தான். ஆரோன் வீட்டுக்குப் போலாம்மா, காலையில உனக்கு ட்ரெயின் இருக்குங்கறான், நான் இன்னும் ஒரு பாட்டுங்கறேன்.

அவன் அதையெல்லாம் வீடியோ எடுத்தான்.

செவ்வாக்கிழமை ஹெப்சி அவன்கிட்ட கேட்டிருக்கா. அந்த வீடியோவை அவளுக்கு அனுப்பியிருந்தா அந்த நிமிஷமே முடிஞ்சிருக்கும். அனுப்பல. அம்மா ஏன் அப்படிச் சொன்னாங்கன்னு எனக்குத் தெரியலன்னு மட்டும் சொன்னானாம். ராத்திரி எனக்கு அனுப்பி வச்சான். கீழ என்ன எழுதியிருக்கான், இந்தா, நீயே படி. 'அம்மா, இது உனக்கு மட்டும். என் போன்ல அழிச்சிட்டேன். நீ பயப்படாத.'

நான் பயப்படக்கூடாதாம். அவன் கல்யாணம் நின்னுகிட்டு இருக்கு, நான் பயப்படக்கூடாதாம். அன்னிலேர்ந்து நான் பண்ற போனை எடுக்கறதில்ல.

அவனுக்காக மன்னிப்புக் கேக்கப் போறேன்னு சொன்னேன் பாரு. நல்லா இருக்குல்ல? ஸ்வீட்டு வேற வாங்கிக்கிட்டு.

இந்தாம்மா, இதுதான் வீடியோ. ஆமா, அந்த மஞ்சச் சேலை நான்தான். சிரிச்சுக்கோ, பரவாயில்ல. நல்லாத்தான் ஆடியிருக்கேன், இல்ல? நீ எங்க எறங்கணும், கிண்டியா? அப்ப ஒரு உதவி பண்ணு. இதை எங்க சங்கத்துக் குரூப்புக்கு அனுப்பு. எனக்கு அனுப்பத் தெரியாம இல்ல. நான் அனுப்புனா கீழ ரெண்டு வரி எழுதுவேன், எழுத ஆரம்பிச்சா எங்கயோ கொண்டுபோய் விட்டுடும், கடைசியில ஜோசலின் மேல தப்புன்னு முடியும். நீ சும்மா அனுப்பு, ஒண்ணும் எழுதாத. மேல இருக்கு பாரு, பெண்கள் ஐக்கியம், புறா படம் போட்டது. நூத்திப் பன்னெண்டு பேர், தெரியும். அனுப்பு.

போயிடுச்சா? ரெண்டு டிக்கு வந்துருச்சா.

கிண்டி வந்துருச்சு, நீ கெளம்பும்மா. பையைக் குடு. பாத்து எறங்கு. நானும் இங்கயேதான் எறங்கறேன், எதிர்ப்பக்கம் போகணும். நீ முன்னாடி போ, உனக்கு ஆபீஸ் இருக்கும்.

...போயிட்டா. பேரு கூடக் கேக்கல.

இந்த மைக்கை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே பேசணும். ம். ஸ்தோத்திரம். தபீதாள் டீச்சர் பேசறேன். இப்ப வந்த வீடியோல ஆடறது நான்தான். ஆரோன் குடிச்சது எலுமிச்சை ஜூஸ். அன்னிக்கு நான் மாத்திச் சொல்லிட்டேன். அவ்ளோதான்.

ஏம்மா, தாம்பரம் வண்டி எந்தப் பக்கம் வரும்? இல்லம்மா, குரோம்பேட்டைக்குத்தான். இந்தத் தடவை எறங்கிடுவேன்.