சம்பந்தியம்மாவின் அலைதாடி

— அப்பா, ஞாயித்துக்கெழமை இளம்பிள்ளைக்குப் போனப்ப மதனோட அம்மாகிட்ட அப்படி என்னதான் சொன்னீங்க?

— ஒண்ணும் சொல்லலையே அம்மிணி. அலைதாடியில நீர் கோத்தாப்பல இருக்குதுங்கன்னேன்.

— அலைதாடின்னா?

— மாட்டுக்குக் கழுத்தடியில தோலு தொங்குமல்ல, அது. தாடைக்குக் கீழ இருக்குது, நடந்தா அலையுது. அலைதாடி. எங்கய்யன் சொல்லுவாரு, நானும் சொல்றேன்.

— அத்தையப் பார்த்து மாட்டுத் தோலுன்னிருக்கீங்க.

— மனுசருக்கு அந்த எடத்துக்கு என்ன பேருன்னு எனக்கெங்க தெரியுது? முப்பது வருசமா எருமப்பட்டியில மாட்டுத் தரகு. எதுக்கால ஆரு நின்னாலும் மொதல்ல பல்லு, அப்பறம் கழுத்து. கண்ணு தானாப் போகுது.

— பல்லையும் பார்த்தீங்களா?

— சிரிச்சாங்க, பார்த்தேன். பல்லு குத்தமில்ல.

— அப்பா, அவங்க நெசவுக் குடும்பம். ஊட்டுல ஆடு மாடு கட்டினதே இல்ல. நாம வேற சாதின்னு வேண்டாம்னவங்கள, மதன் ரெண்டு வருசம் கெஞ்சிச் சம்மதிக்க வெச்சாரு. இப்ப நாலு நாளா அவரு போனே எடுக்கறதில்ல. எனக்கு அவர விட்டா வேற ஆருமில்லப்பா.

— அழுவாத சாமி. நேர்ல போயிக் கால்ல உழுந்தர்றேன்.

— இருங்க, அத்தையே கூப்புடறாங்க. ஸ்பீக்கர்ல போடறேன். மாடுங்கற பேச்சே எடுக்கக் கூடாது.

— ரஞ்சிதா, அப்பா பக்கத்துல இருக்காராம்மா?

— இருக்கறேனுங்க சம்மந்தியம்மா. அன்னைக்கிப் பேசுனதுக்கு மன்னிச்சுக்கோங்க. மாடா இருந்தா அப்பவே டாக்டரக் கூட்டியாந்திருப்பேன். அந்தப் பழக்கத்துல வாயில வந்துருச்சுங்க.

— அப்பா...

— இருக்கட்டும் ரஞ்சிதா. அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு பால்காரர்கிட்டக் கேட்டேங்கண்ணா. அவரு சொன்னதும் அழுதேன். கல்யாணமே வேண்டாம்னு மதன்கிட்டச் சொல்லிட்டேன். அப்பறம் கண்ணாடி முன்னாடி நின்னு தடவிப் பார்த்தேன். கைக்குத் தட்டுப்பட்டுச்சு. நேத்து சேலத்துல டாக்டர் கட்டின்னு சொல்லிட்டாரு.

— ஐயோ. பெருசுங்களா?

— சின்னதுதானாம். இப்பவே எடுத்துட்டா பயமில்லையாம். வர்ற புதன்கிழமை ஆபரேஷன். நான் எந்திரிச்சு நடமாடினதும் கல்யாணத்துக்குத் தேதி குறிச்சரலாம்.

— உங்களுக்குக் கோவம் இல்லீங்களா?

— எங்கூட்டுக்காரரு தாலி கட்டறப்பப் பார்த்தது. இருபத்தெட்டு வருசத்துல அதுக்கப்பறம் என் கழுத்தப் பார்த்த ஆளு நீங்கதாங்கண்ணா.