அசையாத கோடு

டீ வேணாம் சார், நீங்க எழுதுங்க. ஆமா, நான்தான் நிறுத்தினேன். குகைக்குள்ள ஏணி மாத்துற வேலை. எட்டுப் பேரும் கயிறு, ஹெல்மெட் எல்லாம் மாட்டிக்கிட்டு வாசல்ல நின்னாங்க. ஒருத்தரும் இறங்கக் கூடாதுன்னு சொன்னேன். அதுக்கென்ன இப்போ?

வானம் பளிச்சுனு இருந்துச்சா? இருந்துச்சு, யாரு இல்லேன்னா? குகைக்குள்ள தண்ணி வர நம்ம தலை மேலதான் மழை பெய்யணும்னு இல்ல சார். மலைக்கு அந்தப் பக்கம் பேஞ்சா போதும், ஓடை ஏறி மூணு மணி நேரத்துல உள்ள கழுத்தளவு நிக்கும். அதுக்குத்தானே ஓடையில மீட்டர் வச்சிருக்கு. கால்மணிக்கு ஒரு தடவை தண்ணி எவ்வளவு உயரம்னு என் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். அதப் பாத்து, போகலாமா வேணாமான்னு சொல்றதுதான் என் வேலை.

சரி சார், நாப்பத்தொரு சென்டிமீட்டர்தான் காட்டுச்சு. அறுபது வரைக்கும் போகலாம்னு விதி இருக்கு. எனக்கும் படிக்கத் தெரியும். ஆனா ஆறு மணிக்கும் நாப்பத்தொண்ணு, ஏழுக்கும் அதே, பத்துக்கும் அதே. கம்ப்யூட்டர்ல கோடு ஸ்கேல் வச்சுப் போட்ட மாதிரி நேரா போகுது. ஓடுற தண்ணி அப்படி நிக்குமா? மீட்டர் செத்துப்போச்சு சார். கடைசியா பாத்ததையே சொல்லிக்கிட்டு இருக்கு.

என்னது, அன்னிக்குத் தண்ணியே வரலியா? வரல. அதனால? எட்டுப் பேரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டாங்க. மெமோ குடுங்க, வாங்கிக்கிறேன். தப்புன்னு ஒத்துக்கிட்டு கையெழுத்து மட்டும் போடமாட்டேன். நாளைக்கும் கோடு அப்படி நின்னா நாளைக்கும் நிறுத்துவேன். வேலையை விட்டுத் தூக்குறீங்களா, தாராளமா தூக்குங்க.

இது எந்த ரூல் புக்குல இருக்குன்னு கேக்குறீங்களா? எதுலயும் இல்ல. போன வருஷம் எங்க அண்ணன் உள்ள மாட்டிச் செத்தாரே, அந்த ஃபைல் உங்ககிட்ட இருக்கும். மீட்டர் அளவு கேக்காம அவராவே இறங்கிட்டாருன்னு முடிச்சு வச்சிருப்பீங்க. எங்க அண்ணிகூட இன்னும் அவர் போட்டோ முன்னாடி நின்னு திட்டுறாங்க, ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போனா என்னன்னு.

கேட்டாரு சார். வாசல்லருந்து எனக்குத்தான் போன் பண்ணாரு. அஞ்சு மணி நேரமா ஒரே அளவு, தண்ணி சமத்தா இருக்கு, தைரியமா போண்ணான்னு சொன்னேன்.

அதையும் எழுதிக்கோங்க.