மிஸ்டு காலில் லாரிகளை நகர்த்திய அடைக்கலமேரி அம்மையாருக்கு

கேட் பாஸ் மேசையின் கோமகளே! காத்துக் கிடக்கும் லாரிகளின் காவல் தேவதையே! வெயிலுக்கும் வாடாத, வியர்வைக்கும் சளைக்காத வெண்முத்தே! திருவொற்றியூர் பவளக்கரை கன்டெய்னர் யார்டில் இருபத்திரண்டு ஆண்டுகள் இடைவிடாது உழைத்து இன்று ஓய்வுபெறும் திருமதி அடைக்கலமேரி அவர்களே! வணக்கம்.

இம்மடலை எழுதும் பொறுப்பை, நாளை தங்கள் நாற்காலியில் அமரப்போகும் தேசப்பனாகிய என்னிடம் ஊழியர்கள் ஒப்படைத்தார்கள். பாராட்டத்தான் உட்கார்ந்தேன், பொறாமை முந்திக்கொண்டது. சட்டம் போட்டு மாட்டப்போகும் மடலில் பொய் எழுத மனம் வரவில்லை.

தாங்கள் நேரம் தவறியதில்லை, கேட் பாஸ் சீட்டை மாற்றிக் கொடுத்ததில்லை, சினந்து ஒரு சொல் சொன்னதில்லை. எர்ணாவூர் வரை லாரிகள் வரிசை கட்டி நின்ற நாட்களிலும் தாங்கள் முகம் சுளித்ததில்லை. இவற்றையெல்லாம்கூட மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதது தங்கள் பொத்தான் போன்.

ஒரு மிஸ்டு கால் என்றால், வண்டியை எடு. இரண்டு என்றால், சீட்டில் கோளாறு, ஆபீசுக்கு வா. மூன்று என்றால், கேட் அடைத்தாயிற்று, சாப்பிட்டுத் தூங்கு. எடுத்துப் பேசும் வேலையே இல்லை. டீக்கடையில் நின்றவரும் வண்டிக்கடியில் படுத்தவரும் எண்ணிப் பார்த்தே எழுந்து வந்தார்கள்.

இந்த ஆண்டு சென்னைக்கு 3ஜி வந்ததும், வேகம் இல்லாத போன் போனே அல்ல என்று முழங்கியவன் நான். நிர்வாகத்திடம் மன்றாடி ஒரு புதுப் போனும் வாங்கினேன். கேட் பாஸைப் படமெடுத்து அனுப்பினேன், நொடியில் பறந்தது. பறந்து எங்கே போய் இறங்கும்? டிரைவர்களிடம் இருந்தவை படம் திறக்காத போன்கள். என் போனில் மட்டும் படம் பளிச்சென்று தெரிந்தது. தாங்கள் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "நல்லாத்தான் கீது தம்பி" என்றீர்கள். அதுதான் எரிந்தது.

சரி, நாமும் மிஸ்டு கால் கொடுப்போம் என்று சென்ற திங்கட்கிழமை என் போனிலிருந்து பதினான்கு பேருக்கு ஆளுக்கொன்று கொடுத்தேன். ஒரு லாரியும் அசையவில்லை. பதினான்கு பேரும் தங்களைக் கூப்பிட்டார்கள்! எம்.கே.பி. நகர் டிரைவர் வல்லரசின் குரல் தங்கள் போனைத் தாண்டி என் காதில் விழுந்தது.

"மேரிம்மா, புச்சா ஒரு நம்பர்லேர்ந்து ரிங்கு வருது, இன்னா அது? எவனோ பேஜார் பண்றான். நீ அடிச்சாத்தான் நான் வண்டிய எடுப்பேன்."

"அது நம்ம தேசப்பன் சாரு நம்பர்தான் நைனா, வண்டிய எடு" என்றீர்கள். எடுத்தான். கேட்டுக்கு வந்தவன் என் பக்கம் திரும்பவே இல்லை. தங்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனான்.

செல்பேசிக்கு வேகமான இணையம் வேண்டுமா என்று கேட்டால், இன்றும் வேண்டும் என்றே சாதிப்பேன். ஒருநாள் எல்லா டிரைவர்களிடமும் படம் திறக்கும் போன் வரும். அன்று என் கை ஓங்கும். ஆனால் கூப்பிட்டது இன்னார் என்று தெரிந்ததும், ஏன் என்று கேட்காமல் ஒருவன் எழுந்து வருகிறானே, அது எந்தப் போனில் வருகிறது? அந்தப் பொத்தான் போன் தங்கள் கைக்கு வந்த இந்த ஏழு ஆண்டுகளில் ஒருமுறைகூடத் தாங்கள் பொய்யாக வண்டியை எடுக்கச் சொன்னதில்லை என்பதால் வந்தது என்று அறிவேன். அறிந்தும் வயிறு எரிகிறது, அம்மா.

அன்பின் அடைக்கலமே! அடுத்தவர் பசியறிந்த அன்னமே! முழங்கால் வலி தீர்ந்து, மூச்சு சீராகி, மக்களும் பேரப்பிள்ளைகளும் சூழ, நூறாண்டும் அதற்கு மேலும் நலமாய் வாழ்க! எங்கள் வாழ்த்தில் குறையேதும் இல்லை; வேண்டுகோள் மட்டும் ஒன்று உண்டு. நாளை முதல் காலை ஒன்பது மணியிலிருந்து மாலை ஆறு மணி வரை, தயவுசெய்து அந்தப் போனை அணைத்து வையுங்கள்.

திருவொற்றியூர்,
30.9.2009

தங்களைப் பிரிய மனமின்றியும்
தங்களை வெல்ல வழியின்றியும் நிற்கும்
பவளக்கரை யார்டு ஊழியர்கள்