இருபத்து மூணாம் பக்கம்

அந்தத் தாள வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சுப் பாக்காதீங்கம்மா. ஒண்ணும் தெரியாது. முன்னாடியெல்லாம் தெரிஞ்சுது. ஒரு அப்பா இதே பஸ் ஸ்டாப்புல உக்காந்து, தாளைத் திருப்பி, பின்பக்கமா எழுத்துக்கூட்டி அம்புட்டையும் படிச்சிட்டாரு. அதுக்கப்புறம் கருப்பு மை அடிச்சு, அதைக் காப்பி எடுத்து, அந்தக் காப்பியத்தான் குடுக்கறாங்க. இனிமே சூரியனையே கொண்டாந்து பின்னாடி வச்சாலும் கருப்பு கருப்புதான்.

எனக்கு எப்படித் தெரியும்னா... இந்தாங்க, மொதல்ல இதப் புடிங்க. சூடான டீ, அந்த மெஷின்ல வாங்கினேன். குடிக்காட்டியும் பரவால்ல, கையில வச்சுக்கோங்க. வெரலெல்லாம் செவந்து கெடக்கு. மார்ச்சே முடியப் போவுது, இந்தப் பனிக்குப் போக மனசு வரல பாருங்க.

ஆமா, அங்கதான். குழந்தைகள் நல மையத்துலதான் வேலை. ஐயோ, எழுந்திரிக்காதீங்க. திட்டணும்னா உக்காந்துகிட்டே திட்டுங்க, நான் எங்கயும் ஓடல. வேலை பாத்தேன்னு சொல்லணும். இன்னிக்கோட முடிஞ்சுது. வருஷா வருஷம் ஒப்பந்தம் போடுவாங்க. எட்டு தடவ போட்டாங்க, இந்தத் தடவ போதும்னுட்டாங்க. பூங்கொத்து குடுத்து அனுப்பினாங்க. இதோ, பையில கெடக்கு.

நான் அதிகாரியெல்லாம் இல்லம்மா. பிள்ளையக் கூட்டிட்டுப் போறவங்க வேற, கேள்வி கேக்கறவங்க வேற. நான் மூலையில உக்காந்து கருப்பு அடிக்கறவ. எம்புள்ளயப் பத்தி என்னதான் எழுதி வச்சிருக்கீங்கன்னு உங்கள மாதிரி பெத்தவங்க மனு போட்டா, ஃபைல் என் மேசைக்கு வரும். சாப்பாட்டு டப்பாவுல சோறு தெரியாம மேல கருப்பா நோரிக் கடல்பாசி போட்டு மூடி விப்பாங்கல்ல, ஆபீஸ்ல இந்தத் தாளுக்கே நோரி டப்பான்னுதான் பேரு. இன்னிக்கு எத்தன டப்பா கட்டினீங்க மியாஷிடா அக்கான்னு கேட்டுச் சிரிப்பாங்க. நானும் சேந்து சிரிச்சிருக்கேன். இப்பல்லாம் நோரிய வாயில வச்சாலே எறங்க மாட்டேங்குது.

குழந்தை வாயால சொன்னது எதுவானாலும் கருப்பு. அதுதான் விதி. தப்பான விதின்னு சொல்ல மாட்டேன்மா. பஸ் ஸ்டாப்புல படிச்சாரே ஒரு அப்பா, அவரு பொண்ணு வீட்டுக்குத் திரும்பிப் போன வாரமே ஆஸ்பத்திரியில கெடந்தா. அப்பாவப் பத்தி எங்ககிட்ட சொன்னதுக்காக. அதனால நான் அரைமனசா எல்லாம் அடிக்கல. ஒவ்வொரு வரியையும் ஒரு பிள்ளையக் காப்பாத்தறோம்னு நெனச்சுத்தான் அடிச்சேன்.

அது கெடக்கட்டும். உங்க பையில நீட்டிட்டு இருக்கே நீலத் தாள், அது சம்மதப் பத்திரம்தானே? பொண்ண விடுதியில சேக்கறதுக்கு? உங்க பேரு முத்திரையக் குத்திட்டீங்களா?

இன்னும் இல்லயா. அப்பாடா.

கூப்பிட்டு உக்கார வச்சு சொல்லியிருப்பாங்க, உங்க பொண்ணு வீட்டுக்கு வரணும்னு ஒரு வார்த்த சொல்லலன்னு. அவளே வேணாங்கறா, நாம எதுக்கு வெள்ளிக்கிழம கோர்ட்டுக்குப் போயி இழுத்துப் புடிக்கணும்னு உங்களுக்கும் தோணிடுச்சு. தோணத்தான் செய்யும். நாலு மாசம்னா சும்மாவா. பனிச்சறுக்குல விழுந்து நெத்தியில ஒரு காயம், வீட்டுல அடிச்சாங்களோன்னு ஸ்கூல்லேர்ந்து ஒரு போன், அவ்ளோதான், பிள்ளையக் கூட்டிட்டு வந்துட்டாங்க.

உங்க விஷயம் எனக்கு எப்படித் தெரியும்னா, அந்தக் கவர் மேல இருக்கற நம்பர் நான் எழுதினது. நாப்பத்தாறு பக்கம். கோஹரு, ரெண்டாங்கிளாஸ்.

அவங்க சொன்னது பொய்யும் இல்லம்மா. வீட்டுக்குப் போகணுமான்னு கேட்டாங்க, பிள்ள தலையக் குனிஞ்சிடுச்சு. விருப்பம் தெரிவிக்கலன்னு மொத பக்கத்துல இருக்கற கட்டத்துல எழுதிட்டாங்க. ஜட்ஜுக்குப் போறது அந்தக் கட்டம் மட்டுந்தான். கோர்ட்டுலயும் கதவச் சாத்திட்டுத்தான் பேசறாங்க. பேப்பர்காரங்க உண்டா, வேடிக்க பாக்க நாலு பேரு உண்டா? மீதி நாப்பத்தஞ்சு பக்கத்துல என்ன இருக்குன்னு யாரு கேப்பா? எழுதினவங்க மறந்துடுவாங்க. அடிச்சவளுக்குத்தான் மறக்காது, ஏன்னா அடிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ படிச்சுத் தொலைக்கணுமே.

எனக்கு வெக்கமா இருக்கும்மா. வெளிய சொன்னா ஜெயில் கூட உண்டு, வேலய விட்ட பொறவும் உண்டு. தெரிஞ்சுதான் உங்க பின்னாடியே வந்து உக்காந்தேன். அந்தப் பேனாவக் குடுங்க. கவர் பின்னாடி என் பேரும் போன் நம்பரும் எழுதறேன். அசல் பக்கத்த வரவழைச்சுப் பாருங்கன்னு ஜட்ஜுகிட்ட கேக்கச் சொல்லுங்க உங்க வக்கீல. வெள்ளிக்கிழம கூப்பிட்டா நானும் வரேன்.

பஸ் வருதா? போகட்டும், இருபது நிமிஷத்துல அடுத்தது இருக்கு. இருபத்து மூணாம் பக்கத்த எடுங்க. அதான், மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரே கருப்பா இருக்கே, அது. அது ஒரே பேச்சுதான்மா. தெனமும் சாயங்காலம் ஆறு மணிக்கு, அங்க பாத்துக்கறவங்க கையப் புடிச்சு இழுத்துச் சொல்லியிருக்கா. அவங்களும் பாவம், தேதி போட்டுப் போட்டு எழுதியிருக்காங்க. கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லன்னு கட்டத்துல யாரும் சேக்கல.

அவ சொன்னது இதான்: வீட்டுச் சாவி என்கிட்ட இருக்கு, ஸ்கூல் பையில செவப்புக் கயித்துல கட்டியிருக்கு. அம்மா வேல முடிஞ்சு வர்ற நேரம், வெளிய பனியில நிப்பாங்க. யாராவது கொண்டு போயிக் குடுத்துட்டு வாங்கன்னு.

அந்த ஒரு பக்கத்துல மட்டும் இருபத்தெட்டு தடவ. இருபத்தெட்டையும் நான்தான் அடிச்சேன்.

உங்ககிட்ட இன்னொரு சாவி இருக்குன்னு எனக்குத் தெரியும்மா. அத அவகிட்டதான் யாரும் சொல்லல.